ஏழு புள்ளி இரண்டு

எட்டு நாளாக எனக்கு ஒரே கேள்வி.
வட்டம், தொடுகோடு, நாண்.
இரு கோணங்களும் சமமென்று நிறுவுக.
ஐந்து மார்க்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபம்.
தகரக் கூரையில் டிசம்பர் வெயில்.
நாற்பது பேருக்கு நாற்பது சிவப்புப் பேனா,
மேற்பார்வைக்காரருக்கு மட்டும் பச்சை.
பையன்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
கையெழுத்தைப் பார்க்காதே, காரணத்தைப் பார்.
தொடுகோடு என்று எழுதியிருக்கிறானா, ஒன்று.
காரணம் சொல்லாத கூற்றுக்குச் சைபர்.
ஓரத்தில் யாரோ எழுதியிருந்தது:
'மன்னிக்கவும், படிக்கிற அறையில்தான் தம்பி பிறந்தான்.'
அது விடையில் சேராது.
அடுத்த தாள்.

பதினொரு மணித் தேநீர் இடைவேளையில்
ஸ்டாங்கரிலிருந்து சீலன் போன் செய்தான்.
"மறுபடி வெட்டணுமாம் அக்கா.
இந்தத் தடவை முழங்காலுக்கு மேலே."
கூற்று இருக்கிறது.
காரணம்?
"சக்கரைதான், வேறென்ன."
சரி. ஒன்று.
"எந்தத் தேதி?" என்றேன்.
"வியாழன்."
"ருக்குமணிக்கு லீவு கிடைக்குமா?"
அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.
அதையும் ஓரத்துக் கிறுக்கலாக
ஒதுக்கி வைத்துவிட்டேன் போல.
மணி அடித்தார்கள்.
மீதித் தேநீர் ஜன்னல் விளிம்பிலேயே ஆறியது.

சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு விடுவார்கள்.
கேட்டோ ரிட்ஜில் பனிமூட்டம்.
முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகள்
சரி, சரி என்று
எதற்கோ மார்க் போட்டுக்கொண்டே போயின.
இறக்கத்தில் ஒரு பெரிய பலகை,
பற்பசை விளம்பரம்:
முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பையன்
வாய் திறந்து சிரிக்கிறான்.
அவ்வளவுதான்.
வண்டியை ஓரம் கட்டினேன்.
தொண்டையிலிருந்து வந்த சத்தம்
யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன்.
ஒரு பற்பசைக்காக, கடவுளே,
நாற்பத்தெட்டு வயதில்,
ஹசார்டு விளக்கு போட்டுக்கொண்டு.

மரியான்ஹில் சுங்கச் சாவடியில்
கண்ணாடிக்குப் பின்னே ஒரு பெண்.
அவளும் காலையிலிருந்து எண்ணியிருப்பாள்.
ஒரு நோட்டைக் கொடுத்தேன், சில்லறை தந்தாள்.
அதிகமா குறைவா தெரியவில்லை.
கணக்கு டீச்சர் நான்,
உள்ளங்கையில் கிடந்த காசைக்
கூட்ட முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவளும் பார்த்தாள்.
இரண்டு பேருக்கும் விடை வரவில்லை.
பின்னால் ஹாரன்.

சாட்ஸ்வொர்த் திருப்பத்தைத் தவறவிட்டேன்,
இருபது வருடமாகத் திரும்புகிற திருப்பம்.

வீட்டில் தயாளன் கேட்டதெல்லாம்
"சோறா, ரொட்டியா?"
அதற்கு நான் கத்திய கத்தலில்
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
அவர் ஒன்றும் சொல்லாமல்
இரண்டையும் சூடு பண்ணினார்.
பீன்ஸ் குழம்பு. நன்றாக இருந்திருக்கும்.
சாப்பிட்டது ஞாபகமில்லை.

மூன்றரை மணிக்கு விழித்தேன்.
இருட்டில் கடல் பக்கத்துக் காற்று,
குளிர்பெட்டி ஒருமுறை உலுக்கி அடங்கியது.
அந்த அமைதிக்குள்
முழங்காலுக்கு மேலே
என்று யாரோ சொன்னார்கள்.

அந்தக் கால்.
கரும்புக் காட்டு மைதானத்தில்
வெறுங்காலால் பெனால்டி அடித்து,
பந்து எங்கே போனதென்றுகூடப் பார்க்காமல்
என்னைப் பார்த்துச் சிரித்தவனின் கால்.
அதற்குக் காரணம் எழுத எனக்குத் தெரியவில்லை.
கூற்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

போனை எடுத்தேன்.
'தூங்கிட்டியா?'
உடனே பதில்:
'இல்ல. என்ன ஆச்சு அக்கா?'

'வெட்டப் போறாங்களாமே சீலா.'

எழுதுகிறான், நிறுத்துகிறான்,
மறுபடி எழுதுகிறான்.

'காலையிலேயே சொன்னேனே.'

'ஆமா,' என்று எழுதினேன்,
'இப்பதான் கேட்டுச்சு.'